எச்.ஐ.வி. உறங்குவதும் விழிப்பதும்: நம் உயிரணுப் புரதங்களின் பங்கு

“வைரஸ் இல்லைன்னு ரிப்போர்ட் வந்திருச்சே டாக்டர், இன்னும் எதுக்கு மாத்திரை?” கூட்டு மருந்துச் சிகிச்சை பெறுவோரும் அவர்களுடைய குடும்பத்தாரும் எங்களிடம் மிகுதியாகக் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. மலேரியாவுக்கு மருந்து உண்டு முடித்தபின் எவரும் அதனைத் தொடர்வதில்லை. காசநோய்க்கு ஆறு மாதம் என்றால், பெரும்பாலோருக்கு ஆறு மாதத்தோடு முடிந்துவிடுகிறது. எச்.ஐ.வி.க்கு மட்டும் ஏன் வாழ்நாள் முழுதும்?

இக்கேள்வியை எங்களிடம் கேளாமல், தாமே ஒரு விடையை முடிவு செய்துகொண்டு மாத்திரையை நிறுத்திவிட்ட ஒருவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். (அவருடைய ஒப்புதலுடன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறோம்.) நெல் பயிரிடுபவர். நான்கு ஆண்டுகள் ஒரு வேளையும் தவறாமல் மருந்து உண்டவர். மகள் திருமணத்தையொட்டி வீடு நிறைய உறவினர். மாத்திரைப் புட்டியை எங்கே வைப்பது, என்ன மாத்திரை என்று யாரேனும் கேட்டால் என்ன சொல்வது என்ற தயக்கம். ‘அதுதான் வைரஸ் இல்லையென்று சொல்லிவிட்டார்களே’ என்று எண்ணிப் புட்டியை நெல் குதிருக்குப் பின்னால் வைத்தார். திருமணம் முடிந்து உறவினர் ஊர் திரும்பிய பின்னும் அதனை எடுக்கவில்லை. ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து விடாத காய்ச்சலோடு எங்களிடம் வந்தபோது, அவருடைய இரத்தத்தில் வைரஸின் எண்ணிக்கை ஒரு மில்லிலிட்டருக்குப் பல்லாயிரமாக இருந்தது.

இப்பிழையில் எங்களுக்கும் பங்குண்டு. ‘கண்டறியும் அளவில் இல்லை’ என்பதே பரிசோதனை அறிக்கையின் வாசகம். கூட்டம் மிகுந்த ஒரு காலை வேளையில் அதனை ‘வைரஸ் இல்லை’ என்று சுருக்கிச் சொன்னவர்கள் நாங்கள்தாம். அவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்ன, இல்லாதிருந்த வைரஸ் எங்கிருந்து வந்தது என்று அவருக்கு விளக்கியதையே இங்கு சற்று விரித்து எழுதுகிறோம்.

தனக்கென்று ஏதுமில்லாத வைரஸ்

மனித உயிரணுவில் புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 உள்ளன. எச்.ஐ.வி.யிடம் இருப்பவை ஒன்பதே. நம் மரபுச் செய்தி சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட நூல் என்றால், வைரஸினுடையது பத்தாயிரத்துக்கும் குறைவான எழுத்துகளில் அடங்கிவிடும் துண்டுச் சீட்டு. அந்தச் சீட்டைப் படிக்கவும், படியெடுக்கவும், அதிலுள்ளபடி புரதங்களைச் செய்யவும் அதனிடம் கருவிகள் இல்லை. அனைத்தையும் நம் உயிரணுவிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது.

அது விரும்பிப் புகும் இடம், நோய் எதிர்ப்புப் பணியில் தலைமை வகிக்கும் சி.டி.4 வெள்ளை அணு. உள்ளே நுழைந்ததும் தன் ஆர்.என்.ஏ. செய்தியை டி.என்.ஏ.வாக மாற்றிக்கொண்டு, அந்த அணுவின் உட்கருவுக்குள் சென்று, நம் குரோமோசோமிலேயே தன்னைச் செருகிக்கொள்கிறது. அப்படிச் செருகும்போதுகூட, எல்.இ.டி.ஜி.எஃப். என்னும் நம் புரதம் ஒன்றுதான் வைரஸின் நொதியைக் கைப்பிடித்து, குரோமோசோமில் சுறுசுறுப்பாக இயங்கும் பகுதிகளுக்கு அழைத்துச் செல்கிறது. செருகல் முடிந்துவிட்டால் அது வெளியாள் அன்று. அந்த அணு உயிரோடிருக்கும் வரை அதன் சொந்த மரபணுக்களோடு ஒன்றாக இருக்கும். அணு இரண்டாகப் பிரிந்தால் இரண்டிலும் இருக்கும்.

இப்போது உங்கள் மாத்திரையை எண்ணிப் பாருங்கள். நம் மையங்களில் பெரும்பாலோருக்குத் தரப்படும் ஒற்றை மாத்திரையில் மூன்று மருந்துகள் உள்ளன. டெனோஃபோவிர், லாமிவுடின் ஆகிய இரண்டும் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றும் வேலையைத் தடுக்கின்றன. டோலுடெக்ராவிர், குரோமோசோமில் செருகும் வேலையைத் தடுக்கிறது. மூன்றும் வாசலிலேயே நின்று காவல் காப்பவை. புதிதாக ஓர் அணுவுக்குள்ளும் வைரஸைக் குடியேற விடாமல் பார்த்துக்கொள்கின்றன. ஆனால், மருந்து தொடங்குவதற்கு முன்பே குடியேறிவிட்ட மரபணுவைத் தொடும் ஆற்றல் இம்மூன்றில் எதற்கும் இல்லை. அந்த மரபணு பேசுமா, வாய்மூடிக் கிடக்குமா என்பது அந்த உயிரணுவுக்குள் உள்ள நம் புரதங்களைப் பொறுத்தது.

(புரதம் என்றவுடன் ஒரு தாயார், “அப்போ பையனுக்கு முட்டை, பருப்பெல்லாம் நிறுத்திடட்டுமா?” என்று கேட்டார். வேண்டவே வேண்டாம். நாம் இங்கு பேசுவது உயிரணு தனக்குள்ளேயே செய்துகொள்ளும் நுண்ணிய வேலையாட்களைப் பற்றி. உணவில் உள்ள புரதம் நோயாளிக்கு வலிமை தரும். அதனைக் குறைத்தால் வைரஸுக்கு எந்த நட்டமும் இல்லை, உடலுக்குத்தான் நட்டம்.)

விழிக்கச் செய்பவை

வைரஸ் மரபணுவின் முகப்பில் ஒரு பகுதி உண்டு. ஒரு வீட்டின் அழைப்பு மணி இருக்கும் இடம் என்று அதனைக் கொள்ளலாம். அங்கே வந்து அமரும் புரதங்களே மரபணுவைப் படிக்கச் செய்கின்றன. வந்து அமர்பவை அனைத்தும் நம்முடையவை. அவற்றுள் முதன்மையானது என்.எஃப். கப்பா-பி என்னும் புரதம். சாதாரண நாட்களில் இது உட்கருவுக்கு வெளியே, மற்றொரு புரதத்தால் பிணைக்கப்பட்டுக் கிடக்கும். காய்ச்சலோ தொற்றோ வந்து வெள்ளை அணுவுக்குப் ‘போருக்கு எழு’ என்ற கட்டளை கிடைத்ததும் பிணைப்பு அறுபட்டு, இது உட்கருவுக்குள் விரைந்து சென்று எதிர்ப்புப் பணிக்குரிய நம் மரபணுக்களை எழுப்பும். இவ்வளவும் நம் நன்மைக்காக அமைந்த ஏற்பாடு. எச்.ஐ.வி. செய்திருப்பது, அதே புரதம் வந்து அமர்வதற்குரிய இருக்கைகளைத் தன் முகப்பிலும் அமைத்துக்கொண்டதே. நாம் படையைத் திரட்டும் போதெல்லாம் அதற்கும் மணியடிக்கிறது.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மிகுதியாகக் காணப்படும் ‘பி’ வகை எச்.ஐ.வி.யில் இத்தகைய இருக்கைகள் பொதுவாக இரண்டு. இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பெரும்பான்மையாக உள்ள ‘சி’ வகையில் பொதுவாக மூன்று. நான்கு இருக்கைகள் கொண்ட வைரஸ்களையும் பெங்களூருவிலுள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தினர் நம் நாட்டு நோயாளிகளிடம் கண்டறிந்திருக்கிறார்கள். இதைப் படித்து அஞ்ச வேண்டியதில்லை. எத்தனை இருக்கைகள் இருந்தாலும் மாத்திரை தன் வேலையைச் செய்கிறது.

மணியடித்துவிட்டால் மட்டும் போதாது என்பதுதான் இக்கதையில் எங்களுக்கு மிகவும் வியப்பளிக்கும் இடம். மரபணுவைப் படியெடுக்கும் நொதி புறப்படுகிறது. ஏறத்தாழ அறுபது எழுத்துகள் தூரம் சென்றதும் நின்றுவிடுகிறது. திருவிழாவில் தேர் நிலையை விட்டுக் கிளம்பிச் சற்றுத் தூரத்திலேயே நின்றுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். சக்கரத்தின் முன்னால் முட்டுக்கட்டை இருந்தால் எத்தனை பேர் வடம் பிடித்தும் பயனில்லை. இங்கும் அவ்வாறே. நெல்ஃப் என்பது போன்ற நம் புரதங்கள் சிலவே முட்டுக்கட்டைகளாக நிற்கின்றன. கட்டையை எடுத்துச் சக்கரத்தை நெம்பிவிடும் பணியைச் செய்வதும் நம் புரதமே. பி-டெஃப்-பி என்பது அதன் பெயர். சைக்ளின் டி1, சி.டி.கே.9 என்னும் இரண்டு பகுதிகள் சேர்ந்தது.

வைரஸ் தன் சிறிய சீட்டில் டாட் என்றொரு புரதத்தை எழுதி வைத்திருக்கிறது. சுமார் நூறு அமினோ அமிலங்களே கொண்ட, மிகச் சிறிய புரதம். அதன் வேலை ஒன்றுதான்: நம் சைக்ளின் டி1-ஐப் பற்றி இழுத்து, நின்றுபோன தேரின் அருகே கொண்டுவந்து நிறுத்துவது. முட்டுக்கட்டை விலகுகிறது, படியெடுத்தல் முழுதும் நடக்கிறது, அதனால் மேலும் டாட் உருவாகிறது, அது மேலும் பல பி-டெஃப்-பி புரதங்களை இழுத்து வருகிறது. முதலில் சொட்டுச் சொட்டாக இருந்தது மடை திறந்தாற்போல ஆகிறது. படியெடுக்கும் வேகம் நூறு மடங்குக்கு மேலும் உயரக்கூடும்.

இதனைக் கண்டறிந்த வரலாறும் சுவையானது. எலி இனங்களின் உயிரணுக்களில் டாட் சரிவர வேலை செய்வதில்லை என்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அவ்வணுக்களில் மனிதனின் 12-ஆம் குரோமோசோமைச் சேர்த்தால் வேலை செய்தது. அந்தக் குரோமோசோமில் ஏதோ ஒன்று இருக்கிறது என்பது தெரிந்தது, அது எது என்பது தெரியவில்லை. 1998-இல் கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிலையத்தில் கேத்தரின் ஜோன்ஸ் குழுவினர் சைக்ளின் டி1-ஐக் கண்டறிந்தபோது, அதன் மரபணு 12-ஆம் குரோமோசோமில் இருப்பது தெரிந்தது. சுண்டெலியிடமும் சைக்ளின் டி1 உண்டு. ஆனால் 261-ஆம் இடத்தில் மனிதனுக்கு சிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் இருக்க, சுண்டெலிக்கு டைரோசின் இருக்கிறது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களில் அந்த ஒன்று மாறியிருப்பதால் டாட்டின் பிடி நழுவிவிடுகிறது.

அப்படியானால் சைக்ளின் டி1-ஐயே மருந்தால் முடக்கிவிடலாமே என்று இளைஞர் ஒருவர் கேட்டார். முடக்கலாம். ஆனால் நம்முடைய ஆயிரக்கணக்கான மரபணுக்களின் தேரையும் நெம்பிவிடுவது அதே புரதம். அதனை முடக்கினால் வைரஸோடு உயிரணுவும் நின்றுபோகும். இன்று வழக்கிலுள்ள எச்.ஐ.வி. மாத்திரைகளில் ஏறக்குறைய எல்லாமே வைரஸின் சொந்த நொதிகளைக் குறிவைப்பதற்கு இதுவே காரணம்.

உறங்கும் கிழங்கு

சி.டி.4 அணுக்களில் பெரும்பாலானவை வைரஸ் புகுந்த சில நாட்களில் மடிந்துவிடுகின்றன. ஒரு சில மட்டும், போர் முடிந்த வீரர்களைப் போல ஓய்வுக்குத் திரும்புகின்றன. பழைய தொற்றுகளை நினைவில் வைத்திருக்கும் நினைவணுக்கள் அவை. பல ஆண்டுகள் வாழ்வதே அவற்றின் இயல்பு. சின்ன வயதில் போட்ட தடுப்பூசி முதுமையிலும் பயன்படுவது இவற்றால்தான்.

ஓய்வெடுக்கும் அணுவில் என்.எஃப். கப்பா-பி உட்கருவுக்கு வெளியே கட்டுண்டு கிடக்கிறது. சைக்ளின் டி1 மிகக் குறைவு. இருக்கும் பி-டெஃப்-பி-யும் ஹெக்சிம்1 என்னும் புரதத்தின் பிடியில் செயலற்றிருக்கிறது. போதாததற்கு, ஹிஸ்டோன் எனப்படும் உருண்டைப் புரதங்களின்மேல் வைரஸின் டி.என்.ஏ. இறுகச் சுற்றப்பட்டு, முகப்பே மறைந்துவிடுகிறது. யாரும் மணியடிப்பதில்லை, எதுவும் படியெடுக்கப்படுவதில்லை. வைரஸின் ஒரு புரதம்கூட உருவாகாததால் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணுக்கும் அந்த அணு நோயுற்றதாகத் தெரிவதில்லை. இரத்தத்தில் மிதக்கும் வைரஸைத்தான் நம் பரிசோதனை எண்ணுகிறது. மிதப்பது எதுவும் இல்லாதபோது அறிக்கை ‘கண்டறியும் அளவில் இல்லை’ என்கிறது. அறிக்கை பொய் சொல்லவில்லை. அது பார்க்கும் இடத்தில் வைரஸ் இல்லை.

நாங்கள் இவ்வளவும் சொல்லக் கேட்டிருந்த அந்த விவசாயி, “கோரைக் கெழங்கு மாதிரின்னு சொல்லுங்க. மேல களையெடுத்தா வயலு சுத்தமாத்தான் தெரியும். ஒரு மழ பேஞ்சா தெரியும் சேதி” என்றார். இதைவிடச் சிறந்த உவமை எங்கள் பாடநூல்களில் இல்லை.

இந்தக் கிழங்கு எவ்வளவு இருக்கிறது? மருந்து உண்போரிடம், ஓய்விலுள்ள சி.டி.4 அணுக்கள் பத்து லட்சத்தில் ஏறத்தாழ ஒன்றில் மட்டுமே விழித்துப் பெருகும் ஆற்றலுள்ள வைரஸ் உறங்குகிறது. 1997-இல் அமெரிக்காவின் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இதனை உறுதிப்படுத்தின. அவ்வளவு குறைவென்றால் விரைவில் தீர்ந்துவிடாதா? சிலிசியானோ குழுவினர் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்து பார்த்து, அது பாதியாகக் குறைய ஏறத்தாழ 44 மாதங்கள் ஆகும் என்று கணித்தார்கள். முழுதும் தீர எழுபது ஆண்டுகளுக்கும் மேல். வாழ்நாள் முழுதும் மாத்திரை என்று நாங்கள் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குத்தான்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த ஒரு குழந்தையைப் பற்றிச் சொன்னால் இது இன்னும் விளங்கும். பிறந்து 30 மணி நேரத்திலேயே அக்குழந்தைக்கு மருந்து தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 18 மாத வயதில் மருந்து நின்றுபோனது. அதன் பிறகும் வைரஸ் தென்படவில்லை. 2013-இல் குணமாகிவிட்டதாகவே உலகெங்கும் செய்தி வந்தது. எங்களைப் போன்ற மருத்துவர்களும் மகிழ்ந்தோம். மருந்தின்றி 27 மாதங்கள் கடந்தபின், 2014-இல் வைரஸ் திரும்பியது. இரண்டு ஆண்டுக்கு மேல் எந்தப் பரிசோதனைக்கும் அகப்படாமல் சில அணுக்கள் உறங்கியிருக்கின்றன. பெரும்பாலோருக்கு இவ்வளவு அவகாசமும் கிடைப்பதில்லை. மருந்தை நிறுத்திய இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் வைரஸ் மீண்டும் தென்படத் தொடங்கிவிடும்.

காய்ச்சல் வந்தால் விழித்துக்கொள்ளுமா?

இதைக் கேட்டவர்கள் அடுத்துக் கேட்பது இதுவே. விழித்துக்கொள்ளும். காய்ச்சல் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு நாளும் எங்கோ ஓர் அணு விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. மாத்திரை உண்பவருக்கு அதனால் கேடில்லை. விழித்த அணு சில வைரஸ்களை வெளியிட்டுவிட்டு மடியும். வெளிவந்த வைரஸ்களால் புதிய அணு எதிலும் குடியேற முடியாது, காவல் இருக்கிறது. சளிக்காய்ச்சலுக்கோ தடுப்பூசிக்கோ பிறகு பரிசோதனையில் எண்ணிக்கை சற்றே ஏறி, அடுத்த முறை இறங்கிவிடுவதுண்டு. அதற்காகத் தடுப்பூசியைத் தவிர்க்க வேண்டாம். மாத்திரை உண்ணாதவருக்கோ விழிக்கும் ஒவ்வோர் அணுவும் ஒரு புதிய தொடக்கம்.

காசநோயை மட்டும் தனியே குறிப்பிட வேண்டும். காசநோய்க் கிருமிக்கு எதிராக உடல் சுரக்கும் டி.என்.எஃப். என்னும் பொருள், என்.எஃப். கப்பா-பி-யின் கட்டை அவிழ்ப்பதில் வல்லது. காசநோய் பற்றிய இடங்களில் எச்.ஐ.வி. மிகுதியாகப் பெருகுவதற்கு இது ஒரு காரணம். ஒரு நோய் மற்றதற்கு மணியடிக்கிறது. எனவே இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அடுத்த மாதத் தேதி வரை காத்திராமல் உடனே வாருங்கள். காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின், டோலுடெக்ராவிரின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். அதனால் இரண்டையும் சேர்த்து உண்போருக்கு டோலுடெக்ராவிர் 12 மணி நேர இடைவெளியில் கூடுதலாக ஒரு வேளை தரப்படுகிறது. வெளியில் காசநோய் மருந்து தொடங்கியவர்கள் அதனை எங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். நெஞ்செரிச்சலுக்கான மருந்து, இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளையும் எந்த நேரத்தில் உண்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

‘நன்றாக இருக்கும்போது நிறுத்தி, குறையும்போது தொடங்கினால் என்ன’ என்ற எண்ணம் மருத்துவர்களுக்கே ஒரு காலத்தில் இருந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு பல நாடுகளில் நடந்த ‘ஸ்மார்ட்’ ஆய்வு அதற்கு விடை தந்தது. சி.டி.4 எண்ணிக்கையைப் பார்த்து நிறுத்தி நிறுத்தி மருந்து உண்டவர்களிடம் நோய்களும் இறப்பும் மிகுந்திருந்ததால், 2006 தொடக்கத்தில் அந்த முறை கைவிடப்பட்டது. மாறாக, தொடர்ந்து உண்டு வைரஸ் தென்படாத நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவின் வழியே இணையருக்குத் தொற்று பரவுவதில்லை என்பதும் பெரிய ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. கணவன் மனைவியர் எங்களிடம் தனியே கேட்கத் தயங்கும் செய்தி என்பதால் இங்கேயே எழுதிவிட்டோம்.

கிழங்கைத் தோண்டும் முயற்சிகள்

ஆய்வாளர்கள் இரண்டு எதிரெதிர் வழிகளில் முயல்கிறார்கள். ஒன்று, உறங்கும் வைரஸை வேண்டுமென்றே எழுப்பி, அந்த அணுக்களை அழிப்பது. ஹிஸ்டோன் சுருளைத் தளர்த்தும் வோரினோஸ்டாட் என்னும் புற்றுநோய் மருந்தை எட்டு நோயாளிகளுக்குக் கொடுத்து, உறங்கிய வைரஸ் படியெடுக்கத் தொடங்குவதை வட கரோலினா பல்கலைக்கழகக் குழுவினர் 2012-இல் காட்டினர். எழுந்தது, ஆனால் எழுந்த அணுக்கள் அழியவில்லை. அதன் பின்னர் நடந்த முயற்சிகளிலும் இருப்பு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. மற்றொரு வழி, டாட் புரதத்தையே முடக்கி, முட்டுக்கட்டையை நிலையாக்கி, எழவே விடாமல் பூட்டிவைப்பது. அது இன்னும் ஆய்வகத்திலேயே இருக்கிறது.

முற்றிலும் குணமானவர்கள் உண்டா என்றால், உண்டு. அவர்களுள் முதல்வர் டிமோத்தி ரே பிரவுன். பெர்லினில் 2007-இல் இரத்தப் புற்றுநோய்க்காக அவருக்குச் செய்யப்பட்ட எலும்பு மஜ்ஜை மாற்றில், வைரஸ் நுழையப் பயன்படும் சி.சி.ஆர்.5 என்னும் புரதம் பிறவியிலேயே இல்லாத ஒருவரின் அணுக்கள் பயன்படுத்தப்பட்டன. அவருக்குப் பிறகு வேறு சிலரும் இவ்வாறு குணமாகியுள்ளனர். உயிருக்கே ஆபத்தான அச்சிகிச்சை, புற்றுநோய் இல்லாதவருக்குச் செய்யத்தக்கதன்று. ‘சில மாதங்களில் எச்.ஐ.வி. அடியோடு நீங்கும்’ என்று கைப்பேசியில் வரும் விளம்பரங்களை நம்பிப் பணத்தையும் சிகிச்சையையும் இழந்தவர்களை நாங்கள் பார்த்துவருகிறோம். அவ்விளம்பரங்களை எங்களிடம் கொண்டுவந்து காட்டுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டோம்.

அந்த விவசாயியின் காய்ச்சலுக்கு உரிய சிகிச்சை அளித்து, அதே மாத்திரையை மீண்டும் தொடங்கினோம். மூன்று மாதத்தில் எண்ணிக்கை மீண்டும் கண்டறியும் அளவுக்குக் கீழே வந்தது. புட்டி இப்போது குதிருக்குப் பின்னால் இல்லை. சமையலறை அலமாரியில், அவர் மனைவியின் பொறுப்பில் இருக்கிறது. நாங்களும் ஒன்றை மாற்றிக்கொண்டோம். நோயாளியின் சிகிச்சைப் புத்தகத்தில் ஆங்கிலச் சுருக்கத்தை எழுதுவதை நிறுத்திவிட்டு, ‘மருந்து உண்பதால் கண்டறியும் அளவில் இல்லை’ என்று தமிழிலேயே முழுதாக எழுதுகிறோம். யாருடைய புத்தகத்திலாவது அப்படி எழுதப்படாமல் இருந்தால், அடுத்த முறை வரும்போது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.